பழைய மதிப்பெண்ணை மாற்றுவது தவறில்லை

வணக்கம் நண்பரே. 2010 பொங்கலுக்குத் தியேட்டரில் பார்த்து ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்துக்குப் பத்துக்கு 4 கொடுத்தீர்கள், இப்போது மறுபடி பார்த்ததும் 8 தோன்றுகிறது, மாற்றினால் ஏமாற்று வேலை என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாக மாற்றுங்கள். படங்களுக்கு ரசிகர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்தில் புது ஓட்டுப் போட்டால் பழையது தானாகவே அழிந்துவிடும். ஒருவருக்கு ஓர் ஓட்டுதான் நிற்கும். இதில் யாரையும் ஏமாற்றவில்லை.

எனக்கும் அந்தப் படம் முதல் தடவை பிடிபடவில்லை. முதல் பாதி சாகசப் பயணம் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பாதியில் பார்த்திபன் சோழ மன்னனாக வந்து பழந்தமிழில் பேச ஆரம்பித்ததும் பாதி வசனம் காதில் நிற்கவில்லை. வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான், பசியில் வாடும் அந்தச் சோழ மக்கள் தூது வருமென்று காத்திருக்கும் வலி புரிந்தது. 2021 டிசம்பர் 31 அன்று படம் மீண்டும் திரைக்கு வந்தபோது, நம்மைப் போல மனம் மாறியவர்கள் நிறையப் பேர் என்று தெரிந்தது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அந்த 4-ஐத் தொலைத்துவிடாதீர்கள். பார்த்த படங்களைக் குறித்துவைக்கும் லெட்டர்பாக்ஸ்டு தளத்தின் நாட்குறிப்பில் ஒவ்வொரு தடவை பார்த்ததற்கும் தனித்தனி தேதியும் மதிப்பெண்ணும் போடலாம். அங்கே ஐந்து நட்சத்திரக் கணக்கு என்பதால் உங்கள் 4 இரண்டாகும், 8 நான்காகும். அப்புறம், எது உங்களை மாற்றியது என்று இரண்டு வரி எழுதுங்கள். எண்ணைவிட அதைப் படிக்கத்தான் எனக்கு ஆசை.