கடைசி மைதானம் எது?

அன்புள்ள அண்ணா,

அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலின் 30 மைதானங்களையும் காரிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று சில ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஓக்லாந்தைச் சேர்க்காமல் 22 முடிந்தது. மிச்சம் எல்லாம் மேற்கில்: பீனிக்ஸ், சான் டியகோ, அனஹைம், லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில், டென்வர். ஆகஸ்ட் கடைசியில் டல்லாஸிலிருந்து கிளம்பி, இதே வரிசையில் போய், வீடு திரும்பும் வழியில் டென்வரில் முடிக்கலாம் என்று நினைக்கிறேன். மூன்று வாரம் விடுப்பு இருக்கிறது. இந்த வரிசை சரியா? ஓக்லாந்து அணி இப்போது சாக்ரமெண்டோவுக்குப் போய்விட்டது; 2022இல் ஓக்லாந்தில் பார்த்த ஆட்டம் கணக்கில் வருமா?

எஸ்., டல்லாஸ்

அன்புள்ள எஸ்.,

வழி சரி, திசைதான் தவறு. அதே வட்டத்தைத் திருப்பி ஓட்டுங்கள். முதலில் டென்வர், கடைசியில் பீனிக்ஸ். எந்தப் பக்கம் போனாலும் ஏறத்தாழ 4,900 மைல்தான்.

உங்கள் பட்டியலில் இடிமழை ஆட்டத்தைக் கெடுக்கக்கூடிய இடம் என்றால் அது டென்வர்தான். கோடையில் ராக்கி மலைப் பக்கம் பிற்பகலில் மேகம் திரண்டு மாலையில் கொட்டும். தெற்குக் கலிஃபோர்னியாவில் அந்த மாதங்களில் மழையே அபூர்வம். சியாட்டிலுக்கும் பீனிக்ஸுக்கும் நகரும் கூரை இருக்கிறது. மழையால் ஆட்டம் ரத்தானால் டிக்கெட் மாற்றுத் தேதிக்குச் செல்லும். ஆனால் அந்தத் தேதியில் நீங்கள் ஆயிரம் மைல் தள்ளி இருப்பீர்கள். செப்டம்பர் கடைசியில் இன்னொரு சிக்கல் உண்டு. தரவரிசையைப் பாதிக்காத ஆட்டம் என்றால் அதைத் திரும்ப ஆடாமலே விட்டுவிடுவார்கள். 29 பார்த்துவிட்டு முப்பதாவதற்கு அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க நேர்வது இப்படித்தான்.

அதனால் எந்த ஊரிலும் ஓர் ஆட்டத்தைக் குறிவைக்காதீர்கள், தொடரைக் குறிவையுங்கள். மூன்று ஆட்டத் தொடர் என்றால் முதல் நாளுக்கு டிக்கெட் வாங்குங்கள். மற்ற இரண்டும் கையிருப்பு. தொடரின் கடைசி ஆட்டத்தை நம்பிப் போவதுதான் பெரிய தவறு. அன்று அணி ஊர் மாற வேண்டியிருப்பதால் பெரும்பாலும் பகல் ஆட்டமாக இருக்கும், இரவு ஆட்டம் என்று நினைத்து வருபவர் காலி மைதானத்தைத்தான் பார்ப்பார். ஞாயிறு ஆட்டமும் அப்படியே. தேசியத் தொலைக்காட்சி அதை எடுத்துக்கொண்டால் பிற்பகல் நேரம் இரவுக்கு மாறிவிடும், அந்த அறிவிப்பு தாமதமாகத்தான் வரும்.

அட்டவணை போடும்போது முதலில் டென்வர், சியாட்டில் தேதிகளைப் பிடியுங்கள். நடுவில் 1,300 மைல் இருக்கிறது, வழியில் பெரிய லீக் மைதானம் ஒன்றுகூட இல்லை. வயோமிங்கில் ஐ-80 நெடுஞ்சாலையின் எதிர்காற்று பெட்ரோலையும் குடிக்கும், நேரத்தையும் தின்னும். மூன்று நாள் ஒதுக்கி, நான்காம் நாள் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுங்கள். டென்வரில் மேல்தளத்தின் இருபதாவது வரிசை மட்டும் ஊதா நிற இருக்கைகள், சரியாக 5,280 அடி உயரம், அதாவது கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மைல். அங்கே ஒரு இன்னிங்ஸாவது உட்காருங்கள்.

சியாட்டிலின் கூரை குடை மாதிரி, மேலே மூடும், பக்கங்கள் திறந்தே இருக்கும். 2020 செப்டம்பரில் காட்டுத்தீப் புகை உள்ளே நிறைந்ததால் அடுத்து நடக்கவிருந்த ஆட்டங்களை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அங்கிருந்து தெற்கே ஐ-5இல் சாக்ரமெண்டோ 750 மைல். 2018 செப்டம்பரில் ஷாஸ்டா ஏரிக்கருகே எரிந்த தீயால் அந்தச் சாலையே சில நாட்கள் மூடிக்கிடந்தது. மூன்று வாரத்தில் ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் வெறுமையாக விடுவதென்றால் அதை இங்கே விடுங்கள்.

ஓக்லாந்து விஷயம். அங்கே கடைசி ஆட்டம் 2024 செப்டம்பர் 26. அந்த அணி லாஸ் வேகாஸுக்குப் போகும்வரை சாக்ரமெண்டோவின் சிறிய மைதானத்தில் ஆடுகிறது. நீங்கள் பார்த்தது பார்த்ததுதான், யாரும் அதை அழிக்க முடியாது. ஆனால் "இன்றைய முப்பது" என்று சொல்ல வேண்டுமானால் சாக்ரமெண்டோவையும் பாருங்கள். ஐ-5 வழியிலேயே இருக்கிறது, சான் பிரான்சிஸ்கோ அங்கிருந்து 90 மைல்தான். இல்லையென்றால் இந்தக் கேள்வி உங்களை உறுத்திக்கொண்டே இருக்கும்.

சான் பிரான்சிஸ்கோவில் பெட்டி படுக்கையோடு காரை மைதானத்தருகே நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பையை விடுதியில் வைத்துவிட்டு, நகருக்குத் தெற்கே மில்ப்ரேயில் கால்ட்ரெய்ன் ரயில் ஏறினால் கடைசி நிலையத்திலிருந்து மைதானம் நடக்கும் தூரம். வெயில் காலம்தானே என்று வெறும் சட்டையோடு போகாதீர்கள், விரிகுடாக் காற்று இரவில் நடுக்கும். லாஸ் ஏஞ்சலஸில் யூனியன் ஸ்டேஷனிலிருந்து டிக்கெட் உள்ளவர்களுக்கு இலவசப் பேருந்து உண்டு. அனஹைம் அங்கிருந்து 30 மைல். இரு அணிகளும் ஒரே நாளில் ஊரில் இருந்து, ஒன்று பகலிலும் மற்றது இரவிலும் ஆடினால் இரண்டையும் பார்த்துவிடலாம். 2023இல் பந்து வீசுவதற்கு நேரக்கட்டுப்பாடு வந்தபின் ஓர் ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

சான் டியகோவிலிருந்து பீனிக்ஸ் 355 மைல், ஐ-8. 4,000 அடிக்கு மேலிருந்து கடல்மட்டத்துக்கும் கீழே உள்ள எல் சென்ட்ரோவுக்கு இறங்குவீர்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடாகிப் பிடிப்பு போய்விடும். கியரைக் குறைத்து இறங்குங்கள். அதன்பின் பாலைவன வெயில். பேட்டரிக்கு மூன்று வயது தாண்டியிருந்தால் கிளம்பும் முன்பே சோதித்துவிடுங்கள், குளிரைவிட வெப்பம்தான் அதைக் கொல்லும். டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் ஏறித்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கினால் மறுநாள் குறைந்த காற்றில் ஓட்டி டயர் வெடிக்கும்.

பீனிக்ஸில் ஆட்டம் நடக்கும்போதே, மைதானத்துக்குள் இருந்தபடி மேஜர் லீக்கின் பால்பார்க் என்ற கைபேசிச் செயலியில் வருகையைப் பதியுங்கள். காகித டிக்கெட் இல்லாத காலத்தில் அதுதான் சான்று. பார்வையாளர் உதவி மேசையில் முதல் வருகைச் சான்றிதழ் தருவார்களா என்றும் கேளுங்கள், பல மைதானங்களில் கேட்டால் கொடுப்பார்கள்.

அன்றிரவே வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். டல்லாஸ் 1,065 மைல், கிழக்கே போகப் போக இரண்டு மணி நேரம் கடிகாரத்தில் இழப்பீர்கள். முதல் நாள் எல் பாசோவில் தங்குங்கள். அரிசோனாவில் செப்டம்பர் முடியும்வரை புழுதிப்புயல் எழும். முன்னே பழுப்புச் சுவர் தெரிந்தால் அதற்குள் ஓட்டாதீர்கள். சாலையை விட்டு நன்றாக விலகி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பின்விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைப் பாதை என்று எண்ணி உங்கள் மேலேயே வந்து மோதுவார்.