எஞ்சின் மாற்றும்போது மவுண்ட் வைப்பது எப்படி? – கேள்வி பதில்

கே: பின்சக்கர டிரைவ் ஸ்போர்ட்ஸ் காரில் நாலு சிலிண்டரை எடுத்துவிட்டு வி8 வைக்கிறேன். மவுண்டை (எஞ்சினைத் தாங்கும் திண்டு) சேஸியோடு பிணைக்கும் பிராக்கெட்டை முதலில் செய்துவிடலாமா அண்ணா?

ப: வேண்டாம். எஞ்சின் உட்காரும் இடம் முடிவானபிறகுதான் பிராக்கெட். கியர்பாக்ஸ், ஸ்டார்ட்டர், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எல்லாம் பூட்டியபடியே இறக்குங்கள். மேனிஃபோல்டு இல்லாமல் அளவெடுத்தால் பிறகு ஸ்டியரிங் ஷாஃப்டில் இடிக்கும். எஞ்சின் ஆடும் பொருள். சம்புக்கும் (எஞ்சினின் அடி எண்ணெய்த் தொட்டி) கிராஸ்மெம்பருக்கும் (சேஸியின் குறுக்குச் சட்டம்) நடுவே 15 மி.மீ.யாவது விடுங்கள். பானெட்டை மூடிப் பார்க்காமல் டேக் (தற்காலிகப் பொட்டு வெல்டு) வைக்காதீர்கள்.

கே: கியர்பாக்ஸ் எவ்வளவு சாய்ந்திருக்கலாம்?

ப: அதன் அவுட்புட் ஷாஃப்டும் டிஃபரென்ஷியல் பினியனும் (பின்னச்சுக்குள் நுழையும் தண்டு) ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இவற்றை இணைக்கும் தண்டின் முனையிலுள்ள ஒவ்வொரு யூ-ஜாயின்டிலும் (மடங்கும் மூட்டு) 1 முதல் 3 டிகிரி கோணம் நல்லது. சுத்தமாக 0 டிகிரியும் கூடாது: ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் குழி விழும். வண்டி சக்கரத்தில் நிற்கும்போது அளக்கவும்.

கே: வெல்டு செய்ததும் போல்ட் ஓட்டை தள்ளிப்போகிறதே?

ப: முழு வெல்டையும் வண்டியிலேயே அடித்திருப்பீர்கள். 6 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகடு எடுங்கள். பேட்டரியையும் ஈசியூ (எஞ்சின் கணினி) கனெக்டரையும் கழற்றிவிட்டு, வண்டியில் நாலைந்து டேக் மட்டும் வையுங்கள். பிறகு வெளியே எடுத்து, கனமான தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி, 25 மி.மீ. துண்டு துண்டாக எதிரெதிர்ப் பக்கம் மாறி மாறி வெல்டு செய்து, ஆறியபிறகே அவிழ்க்கவும். மவுண்டின் ரப்பர் புஷ் உள்ளே இருந்தால் உருகும். அதற்குப் பதில் அதே அளவு இரும்புக் குழாய் வையுங்கள். திரும்ப மாட்டும்போது போல்ட் விரலால் தள்ளியே நுழைய வேண்டும். கம்பி போட்டு நெம்பினால்தான் நுழைகிறது என்றால் அந்த இழுவிசை பின்னாளில் விரிசலாக வரும்.

கே: ரப்பரா, பாலியூரித்தேனா, திட மவுண்டா?

ப: தெருவில் ஓட்ட ரப்பர் அல்லது மிதமான பாலியூரித்தேன். முன்னே எஞ்சினுக்கு மென்மையாக வைத்துப் பின்னே கியர்பாக்ஸுக்குத் திடமாக வைத்தால், முறுக்கு முழுக்கக் கியர்பாக்ஸ் உறையில் இறங்கி, மவுண்ட் பூட்டும் அலுமினியக் காது உடையும். பின் மவுண்ட் முன் மவுண்டைவிடக் கடினமாக இருக்கக் கூடாது.

கே: இடப்பக்க மவுண்ட் மட்டும் கிழிகிறது. ஏன்?

ப: பெரும்பாலான எஞ்சின்களில் கிராங்க் (எஞ்சினின் சுழலும் தண்டு) முன்னிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். எஞ்சின் உடல் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். காரின் இடப்பக்கம் தூக்கும். 350 நியூட்டன் மீட்டர் எஞ்சினுக்கு முதல் கியர் 3 மடங்கு என்றால் 1,050. மவுண்ட் இரண்டுக்கும் நடுவே அரை மீட்டர் இருந்தால், ஒன்றின்மேல் சுமார் 210 கிலோ மேலிழுப்பு. ஒட்டிய ரப்பர் இழுவையைத் தாங்காது. 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 66 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை இந்தக் கோளாறுக்காகவே திரும்ப அழைத்தது. மவுண்ட் பிரிந்து எஞ்சின் எழும்பினால் ஆக்ஸிலரேட்டர் இணைப்பு இழுபடும். எனவே ரப்பர் போனாலும் போல்ட் இரும்புக்குள் சிக்கி நிற்கும் வகை மவுண்டையே வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

கே: இறுக்கும் வரிசை?

ப: எல்லாவற்றையும் கையால் மாட்டி, கிரேனை விட்டு முழு எடையும் இறங்கியபிறகு இறுக்குங்கள். 8.8 தரம் எம்12 போல்ட்டுக்கு 80 நியூட்டன் மீட்டர் அளவு. கடைசியாக, எஞ்சினிலிருந்து சேஸிக்குத் தடித்த எர்த் பட்டை போடுங்கள். ரப்பர் மின்சாரம் கடத்தாது. பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மின்னோட்டம் கிளட்ச் கேபிள் வழியே போய் அதைச் சுட்டுவிடும்.