பூங்காவில் கூட்டம்: வாய்மொழி மறுப்புக்கு என்ன மதிப்பு?

கேள்வி: நாங்கள் சிறிய வாசகர் வட்டம் ஒன்றை நடத்துகிறோம். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாநகராட்சிப் பூங்காவில் 60 பேர் அளவில் கவிதை வாசிப்பு நடத்த அனுமதி கேட்டு மனு கொடுத்தோம். “பூங்காவில் கூட்டத்துக்கெல்லாம் அனுமதி தருவதில்லை” என்று அதிகாரி நேரிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் போன மாதம் அதே பூங்காவில் ஒரு தனியார் நிறுவனம் பந்தல் போட்டு விளம்பர விழா நடத்தியது. பூங்கா பொதுச்சொத்துதானே? அனுமதி இல்லாமலே நடத்தினால் என்ன ஆகும்?

பதில்: பொதுச்சொத்து என்ற வாதத்தை அதிகம் நம்பாதீர்கள். அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையை அரசமைப்பின் 19(1)(ஆ) பிரிவு தருகிறது. ஆனால் விரும்பிய இடத்தில் கூடும் உரிமையாக அது விரியாது. ஒரு சொத்து அரசுக்குச் சொந்தம் என்பதாலேயே அங்கே கூட்டம் நடத்தும் உரிமை யாருக்கும் வந்துவிடாது என்று 1969-இல் நிரஞ்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கு ரயில்வே வளாகத்தைப் பற்றியது. பூங்காவின் நிலை இன்னும் சற்று நுட்பமானது. அது மக்கள் இளைப்பாறுவதற்காக ஒதுக்கிய இடம். நடைப்பயிற்சிக்கு வருபவருக்கும் விளையாடும் குழந்தைக்கும் உங்களுக்கு உள்ள அதே உரிமை உண்டு.

அதற்காக அதிகாரி தன் மனம்போன போக்கில் மறுத்துவிடவும் முடியாது. 1972-இல் ஹிம்மத்லால் ஷா வழக்கில், பொதுத்தெருவில் கூட்டம் நடத்தக் காவல்துறையிடம் அனுமதி பெற வேண்டும் என்ற விதியை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ரத்துசெய்தது. அனுமதி கேட்கச் சொன்னதை நீதிமன்றம் குறையாகக் காணவில்லை. எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம் என்ற வரையறை எதுவும் இல்லாமல் முழு அதிகாரத்தையும் ஒருவர் கையில் கொடுத்ததே அந்த விதியைச் சாய்த்தது. ஆகவே உங்கள் மாநகராட்சியிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அனுமதியைவிட விதியைத்தான்: பூங்கா நிகழ்ச்சிகளுக்கான மாமன்றத் தீர்மானம் எது, கட்டணம் எவ்வளவு, யார் முடிவெடுப்பது?

இங்கேதான் அந்த விளம்பர விழா உங்களுக்குக் கைகொடுக்கும். “யாருக்கும் தருவதில்லை” என்பது ஒரு கொள்கையாக இருக்கலாம், அதை நீதிமன்றமும் மதிக்கலாம். ஒருவருக்குத் தந்துவிட்டு இன்னொருவருக்கு அதையே சொன்னால் சமத்துவத்துக்கான அரசமைப்பின் 14-ஆவது பிரிவின்படி விளக்கம் சொல்ல வேண்டிய கடமை மாநகராட்சியுடையது. விழாவின் புகைப்படம், அழைப்பிதழ், நாளிதழ் செய்தி எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். அந்த அனுமதி ஆணையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பதில் வர 30 நாள் ஆகலாம் என்பதால் கோப்பை நேரில் பார்வையிடவும் அதே மனுவில் கோருங்கள். சட்டம் அதற்கும் இடம் தருகிறது. அந்த விழாவுக்கு அனுமதியே வாங்கப்படவில்லை என்று தெரியவந்தால், உங்கள் சமத்துவ வாதம் அங்கேயே முடிந்துவிடும். ஒருவர் விதியை மீறித் தப்பித்தார் என்பதைக் காட்டி நீங்கள் சலுகை கேட்க முடியாது.

வாய்மொழி மறுப்பை எதிர்த்து வழக்காடுவது கடினம். ‘அப்படிச் சொல்லவே இல்லை’ என்று ஒரு வரியில் மறுத்துவிடுவார்கள். புதிதாக ஒரு மனு எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தேதி, நேரம், ஆட்களின் எண்ணிக்கை, பூங்காவின் எந்தப் பகுதி, குப்பையை அகற்றும் பொறுப்பு யாருடையது என்பதையெல்லாம் அதில் எழுதுங்கள். மற்றவர்கள் வந்துபோகும் வழியை அடைக்கமாட்டோம் என்ற உறுதியையும் சேருங்கள். மறுப்பதானால் காரணத்துடன் எழுத்தில் மறுக்குமாறு கேளுங்கள். ஆணையில் எழுதிய காரணத்தைக் கொண்டே அதன் செல்லுபடி தீர்மானிக்கப்படும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்கக் கூடாது என்பது 1977-இல் மொகிந்தர் சிங் கில் வழக்கிலிருந்து வரும் நெறி.

ஒலிபெருக்கி வைப்பதானால் அது தனிக் கதை. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி அதற்கு எழுத்துப்பூர்வமான தனி அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் கூடாது. 60 பேருக்கு ஒலிபெருக்கி தேவைதானா என்று யோசியுங்கள். அதை விட்டுவிட்டால் மறுப்பதற்கான காரணங்களில் பாதி கரைந்துவிடும்.

வைப்புத்தொகை கேட்டால் ரசீதுடன் கட்டுங்கள். ‘நன்கொடை’ என்று கேட்டால், எந்தத் தீர்மானத்தின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

அனுமதியின்றி நடத்துவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பத்துப் பேர் புல்வெளியில் அமர்ந்து படிப்பதைப் பூங்காவின் இயல்பான பயன்பாடு என்று வாதிடலாம். பதாகை கட்டி 60 பேர் கூடினால் அந்த வாதம் நிற்காது. மேலும், உங்கள் பகுதியில் கூட்டம் கூடத் தடை ஆணை நடைமுறையில் இருந்தால், அதை மீறியதற்காக பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 223-ஆவது பிரிவில் வழக்குப் பதியவும் வாய்ப்புண்டு.

பதிலே வராவிட்டால் அரசமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (அதிகாரியைத் தன் கடமையைச் செய்யச் சொல்லும் உத்தரவு) கோரலாம். இதுபோன்ற வழக்குகளில் நீதிமன்றம் தானே அனுமதி தருவதைவிட, ‘மனுவைப் பரிசீலித்து இத்தனை நாளுக்குள் முடிவெடு’ என்று உத்தரவிடுவதே வழக்கம். அந்த அவகாசமும் உங்கள் தேதிக்குள் அடங்க வேண்டும். எனவே நிகழ்ச்சிக்கு இரண்டு வாரமாவது மீதம் இருக்கும்போதே முத்திரையிட்ட நகலுடன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.