ஓசுவுக்கு எத்தனை மார்க்?

அன்புள்ள சார்,

நாங்கள் ஆறு பேர் கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்தவர்கள். இப்போது ஆளுக்கொரு ஊரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனால் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் பார்த்த படங்களின் பெயரைப் போட்டு, பத்துக்கு எத்தனை என்று மார்க் கொடுப்போம். நான்கு வருடமாக இது விடாமல் நடக்கிறது.

போன மாதம் உங்கள் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ பார்த்தேன். ரொம்ப மெதுவாகப் போகிற படம். நடுவில் கொஞ்ச நேரம் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துத்தான் ஓட்டினேன். அம்மாவின் இறுதிச் சடங்கு முடிந்த கையோடு மகள் அம்மாவின் துணிகளைக் கேட்கிற இடத்தில் மட்டும் எங்கள் பாட்டி இறந்த வீடு ஞாபகம் வந்தது. அங்கேயும் சேலைக்காக ஒரு பேச்சு வந்தது. மற்றபடி எனக்கு ஒட்டவில்லை. குழுவில் ஐந்து என்று போட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். “2012-ல் உலக இயக்குநர்கள் ஓட்டுப் போட்டு முதலிடம் கொடுத்த படம்டா, உனக்கு ரசனையே கிடையாது” என்றான் ஒருத்தன். ராத்திரி முழுக்க ஓட்டினார்கள். கடைசியில் ஒன்பது என்று மாற்றிவிட்டேன். படங்களுக்கு ஐந்துக்கு இத்தனை ஸ்டார் என்று போடுகிற லெட்டர்பாக்ஸ்ட் தளத்திலும் நாலரை ஸ்டார் போட்டுவிட்டேன்.

என் கேள்விகள்: ஒரு படத்துக்கு மார்க் போடும்போது கதை, திரைக்கதை, நடிப்பு, ஒளிப்பதிவு, இசை என்று இரண்டிரண்டாகப் பிரித்துப் போடுவது சரியா? ரேட்டிங் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போகலாமா? நீங்கள் சமீபத்தில் பார்த்த படங்களுக்கு எத்தனை மார்க் கொடுப்பீர்கள்?

பெயர் வேண்டாம்,
திருப்பூர்.

*

அன்புள்ள தம்பி,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கிறவர் நீங்கள், ரேட்டிங் பார்த்துவிட்டுப் போங்கள். அதில் ஒரு பாவமும் இல்லை. முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஒளிப்பதிவுக்கு இரண்டு, இசைக்கு இரண்டு என்று பிரித்துப் போட்டால் எந்தப் படமும் உங்களுக்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கை மாதிரிதான் தெரியும். அதை விடுங்கள்.

எனக்கு மனசு ஆறாதது வேறொன்று. ஐந்தை ஏன் ஒன்பதாக மாற்றினீர்கள்? ஐந்து உங்களுடையது. அரைகுறையாகப் பார்த்ததாக இருக்கலாம், அவசரமாகச் சொன்னதாக இருக்கலாம், ஆனாலும் உங்களுடையது. ஒன்பது யாருடையது? உங்கள் நண்பருடையதுகூட இல்லை. அவர் எங்கோ படித்த பட்டியலுடையது. அந்தப் பட்டியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அடுத்த முறை யாராவது அதைக் காட்டி உங்களை மிரட்டாமல் இருக்க.

‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் பத்திரிகை 1952-லிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை இந்த வாக்கெடுப்பை நடத்துகிறது. விமர்சகர்கள் ஆளுக்குப் பத்துப் படங்களின் பெயரை எழுதித் தருவார்கள். இயக்குநர்களிடமும் தனியாகக் கேட்கிறார்கள். 2012-ல் இயக்குநர்கள் ஓட்டில் ‘டோக்கியோ ஸ்டோரி’ முதலில் வந்தது உண்மை. அதே வருடம் விமர்சகர்கள் ஓட்டில் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ முதலில் வந்தது. அந்த ‘வெர்டிகோ’ 1958-ல் வந்த படம். 1962-லும் 1972-லும் முதல் பத்துக்குள் அது இல்லவே இல்லை. 1982-ல்தான் ஏழாவதாக உள்ளே நுழைந்தது. 2022-ல் சாந்தால் அகர்மானின் ‘ஜான் டீல்மன்’ முதலிடத்துக்கு வந்தது. 1975-ல் வந்த படம். ஒரு பெண் மூன்று மணி நேரத்துக்கு மேல் வீட்டு வேலை செய்வதையும் உருளைக்கிழங்கு உரிப்பதையும் காட்டுகிற அந்தப் படம் மேலே ஏற 47 வருடம் ஆகியிருக்கிறது. திரும்பத் திரும்ப யாரோ சிலர் அதைப் பார்த்தார்கள், பார்த்ததைப் பற்றி எழுதினார்கள், பாடம் நடத்தினார்கள். பட்டியல் அப்படித்தான் மாறுகிறது. இதுவரை அதில் ஓட்டுப் போட்ட யாரும் ஒரே ராத்திரியில் நண்பர்கள் ஓட்டியதற்காகப் படம் பிடித்துவிட்டது என்று எழுதியிருக்க மாட்டார்கள் என்றுதான் நம்புகிறேன்.

சரி, வேகத்தைப் பற்றி. இதற்கு உங்களைத் திட்டித்தான் ஆக வேண்டும். எந்த இடத்தில் வேகத்தைக் கூட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் என்னால் சொல்ல முடியும். தங்களைப் பார்க்க டோக்கியோவுக்கு வந்த அப்பா அம்மாவைப் பிள்ளைகள் காசு போட்டு அடாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்களே, அங்கேதானே? ராத்திரி பக்கத்து அறைகளில் சீட்டாட்டம் மாதிரி ஏதோ ஆடிக்கொண்டு கூச்சல் போடுகிறார்கள், கிழவருக்கும் கிழவிக்கும் தூக்கம் இல்லை, காலையில் கடலோரச் சுவரில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருக்கும். ஊருக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்கிறார்கள். அம்மா எழுந்திருக்கும்போது ஒரு நொடி தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். அவள் சாகப்போகிறாள் என்பதற்குப் படத்தில் வருகிற முதல் அடையாளம் அது. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் ஒரு கிழவி எழுந்தாள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அதைத் தவறவிட்டவருக்குப் பின்னால் வருகிற சாவு திடீரென்று வந்த மாதிரி இருக்கும், ஒட்டத்தான் செய்யாது. இனிமேல் இந்த வேலை செய்யாதீர்கள். படம் பிடிக்கவில்லையா, பாதியில் நிறுத்திவிட்டுப் போய்ப் படுங்கள். அது மரியாதையான காரியம்.

இவ்வளவு திட்டிவிட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டுப்போன ஒரு வரி என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. பாட்டி இறந்த வீட்டில் சேலைக்காக வந்த பேச்சு. ஷிகே என்ற அந்த மூத்த மகள் சடங்கு முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் கிமோனோவையும் இடுப்புப் பட்டையையும் தனக்குக் கேட்கிறாள். கொடுமைக்காரியாக ஓசு அவளைக் காட்டவில்லை. சற்று முன்னால் அழுதவளும் அவள்தான். 1953-ல் ஜப்பானில் எடுத்த அந்தச் சாப்பாட்டு நேரம் திருப்பூரில் இருக்கிற உங்களுக்கு உங்கள் பாட்டி வீட்டைக் காட்டியிருக்கிறது. இது உங்கள் குழுவில் யாருக்காவது தெரியுமா? தெரியாது. நீங்கள் அங்கே போட்டது ஐந்து என்ற எண்ணை மட்டும். உங்களிடம் சொல்வதற்கு இருந்த ஒரே பொருளை வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லாததைக் கொடுத்திருக்கிறீர்கள்.

கொஞ்ச நாளாகவே நான் இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் சரியாக அதில் வந்து விழுந்தது.

எங்கள் ஊர் சாத்தூர்ப் பக்கம். பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிவிட்டு வந்த பெண்கள் ராத்திரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். கூலி குரோஸ் கணக்கு, அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று, அதனால் கை நிற்காது. என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, கொட்டகையில் படம் பார்த்துவிட்டு வந்தால் மறுநாள் திண்ணையில் அவள்தான் ராணி. எல்லாராலும் படத்துக்குப் போக முடியாது. யாரோ ஒருத்தி போய் வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ‘உதிரிப்பூக்கள்’ படத்தை நான் முதலில் அவள் வாயால்தான் பார்த்தேன்.

அக்கா எதையும் முதலிலிருந்து தொடங்க மாட்டாள். அவளுக்கு எது தொண்டையில் நிற்கிறதோ அதில் தொடங்குவாள். அன்றைக்கு அந்த இரண்டு குழந்தைகளில் தொடங்கினாள். அப்புறம் சீக்காளி மனைவி, மனைவியின் தங்கை மேல் ஆசை வைக்கிற கணவன் என்று ஒவ்வொருவராக வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒருத்தி, “அவ ஏன் பொறந்த வீட்டுக்குப் போகல?” என்பாள். இன்னொருத்தி, “போனா மட்டும்?” என்பாள். பேச்சு படத்தை விட்டு எங்கள் தெருவுக்குள் வந்துவிடும், யாரோ ஒருத்தியின் பெயர் அடிபடும், எல்லோரும் தணிந்த குரலில் பேசுவார்கள், அப்புறம் அக்கா எல்லோரையும் அதட்டித் திரும்பப் படத்துக்குள் இழுத்துக்கொண்டு போவாள். கடைசியில் ஊரே திரண்டு அவனை ஆற்றங்கரைக்கு நடத்திக்கொண்டு போகிற இடம் வந்தபோது பசைக் கிண்ணத்தில் விட்ட விரலை எடுக்காமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூலி போகிறதே என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. பிற்பாடு நான் அந்தப் படத்தைத் திரையில் பார்த்தபோது, அந்த நடை அக்கா சொன்னதைவிடச் சிறியதாக இருந்தது. அக்கா அதை நீட்டியிருந்தாள். அவள் மனசில் அவ்வளவு தூரம் அவர்கள் நடந்திருக்கிறார்கள்.

அந்தத் திண்ணையில் ஒருவர்கூட “படம் எப்படி, நல்லா இருக்கா?” என்று கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் அக்காவுக்குக் கோபம் வந்திருக்கும். இவ்வளவு நேரம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றிருப்பாள்.

மார்க் என்பது நேற்று முளைத்தது என்று நான் சொல்லவில்லை. 1977-ல் ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் நூற்றுக்கு 62.5 மார்க் கொடுத்தது. என் வயதுக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்வார்கள். அந்த விமர்சனத்தில் எழுதியிருந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். நான் கேட்டவர்களில் யாருக்கும் வரவில்லை. யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதிய பக்கங்கள் போய்விட்டன, 62.5 மட்டும் நின்றுவிட்டது. எண்ணுக்கு அந்தக் கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் இருக்கிற சொற்களைத் தின்றுவிடும்.

ஆனாலும் பத்திரிகைக்கு எண் வேண்டும், ஏனென்றால் அது முன்பின் தெரியாத லட்சம் பேரிடம் பேசுகிறது. ஐஎம்டிபி என்ற சினிமா இணையதளத்துக்கும் வேண்டும். 1990-ல் இணையத்தின் பழைய விவாதக் குழுக்களில் சினிமாப் பைத்தியங்கள் சிலர் தொகுத்த பட்டியல்களிலிருந்து முளைத்த அது, உலகம் முழுக்க இருக்கிறவர்களின் ஓட்டை எண்ணி ஒரு சராசரியாக்கித் தருகிறது. விமர்சனங்களைத் தொகுக்கிற ராட்டன் டொமேட்டோஸ் தளம் என்ன செய்கிறது? அதன் சதவீதம் படத்தின் மார்க்கே கிடையாது. நூறு விமர்சகர்களில் எத்தனை பேர் படத்தைத் தேறும் என்றார்கள் என்ற கணக்கு. நூறு பேரும் ‘பரவாயில்லை’ என்று சொன்ன படத்துக்கும் நூறு சதவீதம் கிடைக்கும். இதெல்லாம் ஒருவரையொருவர் தெரியாத கூட்டத்துக்காகச் செய்த ஏற்பாடுகள். என் ரசனை உங்களுக்குத் தெரியாது, உங்கள் பாட்டியை எனக்குத் தெரியாது, அதனால் எண்ணை நீட்டுகிறோம்.

நீங்கள் ஆறு பேர். ஒரே விடுதியில் இருந்தவர்கள், ஒருவர் சட்டையை ஒருவர் போட்டுக்கொண்டு போயிருப்பீர்கள். யாருடைய அப்பா குடிப்பார், யார் எந்தப் பரீட்சையில் தோற்றார்கள், யார் யாரைக் காதலித்தார்கள் என்று எல்லாம் தெரிந்தவர்கள். ஆறு பேருக்கு எதற்குச் சராசரி? உங்கள் நண்பர் ஒரு படத்துக்கு ஏழு போட்டார் என்பதைவிட, இடைவேளைக்குப் பிறகு அவர் எழுந்து வெளியே போய்விட்டார் என்பது உங்களுக்கு எவ்வளவோ சொல்லும், ஏனென்றால் அவரை உங்களுக்குத் தெரியும். நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூடி, முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்கிற மாதிரி எண்ணைக் காட்டிவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறீர்கள். இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகும் ஆறு பேரும் விட்டுப்போகாமல் இருக்கிறீர்கள் என்பதே பெரிய விஷயம். அதில் பேசுவதற்குக் கிடைத்த நேரத்தை ஏன் இப்படி வீணாக்குகிறீர்கள்?

‘ஓவர்ரேட்டட்’, ‘மொக்கை’, ‘வேற லெவல்’ இவையும் எண்கள்தான். எழுத்தில் எழுதிய எண்கள். அந்த இடத்தில் நின்றுவிடாதீர்கள் என்று சொல்கிறேன். எந்த இடத்தில் மொக்கை? யார் பேசும்போது? அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? ஒரு காட்சியைச் சொல்லத் தொடங்கினால் அடுத்தவர் “நான் அதை அப்படிப் பார்க்கவில்லையே” என்பார். ஐந்து என்றால் ஒன்பது என்று மட்டும்தான் பதில் வரும். ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் பேச என்ன இருக்கிறது? மிரட்டலாம், பணியலாம். நீங்கள் பணிந்துவிட்டீர்கள்.

உங்களை ஓட்டிய அந்த நண்பர் படத்தை முழுக்கப் பார்த்திருக்கிறாரா என்று கேட்க மாட்டேன். பார்த்திருப்பார், பிடித்தும் இருக்கலாம். எந்த இடம் பிடித்தது என்று அவரிடம் நீங்கள் கேளுங்கள். சண்டைக்காகக் கேட்காதீர்கள், தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். அவர் போரில் செத்துப்போன மகனின் மனைவி நோரிகோவைப் பற்றிச் சொல்லலாம். பெற்ற பிள்ளைகளுக்கு இல்லாத நேரம் அந்த மருமகளுக்கு எப்படிக் கிடைத்தது என்று அவருக்கு ஒரு யோசனை இருக்கலாம். அப்போது நீங்கள் சேலைக் கதையைச் சொல்லுங்கள். ஐந்தைத் திரும்பப் போடுங்கள், அல்லது எடுத்தே விடுங்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

சமீபத்தில் என்ன பார்த்தேன் என்று கேட்டிருந்தீர்கள். பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தைத் திரும்பப் பார்த்தேன். தாத்தாவாக நடித்த சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டி நிற்கிற வீட்டைப் பார்க்கத் தனியாக வருகிற காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நானும் எழுதியிருக்கிறேன். இந்த முறை என் கண் சித்தாளாக வருகிற மங்கா மேலேயே இருந்தது. அந்த வீட்டில் குடியிருக்கப்போவது அவள் இல்லை, ஆனால் அதில் கான்ட்ராக்டர் செய்கிற திருட்டைச் சொல்ல முன்னால் வந்து நிற்பது அவள்தான். அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சம்பளத்துக்காகவா, வேலை மேல் இருக்கிற மரியாதையாலா, சொந்த வீட்டுக்காக அல்லாடுகிற சுதா மேல் வந்த பிரியத்தாலா? நீங்கள் ஆறு பேரும் இந்த வாரம் அதைப் பாருங்கள், சாதாரண வேகத்தில். மங்காவைப் பற்றி என்ன தோன்றியது என்று ஆளுக்குப் பத்து வரி எனக்கு எழுதி அனுப்புங்கள். ஆறையும் இங்கேயே போடுகிறேன். எதிலாவது மார்க் இருந்தால் அதைப் போட மாட்டேன்.

அன்புடன்.