நிறம் ஏறணும், தோல் உரியக் கூடாது: வெயில் காய்வது பற்றி உங்கள் கேள்விகள்

டாக்டர் பதில்கள்

"வெளுக்க என்ன பூசலாம்?" என்ற கேள்வி இல்லாமல் இந்தப் பகுதி வந்ததே இல்லை. இந்த முறை வெளிநாட்டிலிருந்தும் கடலோரத்திலிருந்தும் வந்த மூன்று கடிதங்கள் அதற்கு நேர் எதிரான விஷயத்தைக் கேட்கின்றன. அதனால் இடத்தில் பெரும்பகுதியை அவற்றுக்கே கொடுக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, மாநிறம். மெல்போர்னில் பிறந்து வளர்ந்தவள். ஜனவரி விடுமுறையில் பள்ளித் தோழிகளோடு கடற்கரைக்குப் போய் மணிக்கணக்காக வெயிலில் படுத்துவிட்டு வருகிறாள். வெயிலில் ஏறும் நிறம், அதாவது டான் வேண்டுமாம். சன்ஸ்கிரீன் பூசினால் நிறம் ஏறாது என்று அதையும் தொடுவதில்லை. மதுரையிலிருந்து வீடியோ காலில் பார்த்த என் அம்மா, "பிள்ளை இப்படிக் கறுத்துப் போச்சே" என்று அழுகிறார். நான் தடுக்கவா, விடவா?
(ஒரு வாசகி, மெல்போர்ன்)

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாட்டி சொல்லும் காரணத்துக்காக மகளைத் தடுக்காதீர்கள். கறுப்பது ஒரு குறை என்ற பேச்சு அவள் காதில் விழுந்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் நல்ல விஷயமும் உள்ளே போகாது. நிறம் இன்னும் கொஞ்சம் ஏறினால் அழகு என்று நினைக்கிற ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றிப் படிக்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. என் கவலையெல்லாம் அவள் தோலைப் பற்றி மட்டும்தான்.

தோல் ஏன் கறுக்கிறது என்பதை அவளுக்கு விளக்குங்கள், 16 வயதுக்கு இது நன்றாகவே புரியும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலின் செல்லுக்குள் புகுந்து டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. அந்தச் சேதத்தை உணர்ந்துதான் தோல் மெலனின் என்ற நிறமியைக் கூடுதலாகத் தயாரிக்கிறது. தயாரான மெலனின் துகள்கள் செல்லுக்குள் கண்டபடி கிடப்பதில்லை. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்லின் உட்கருவுக்கு மேலே, வெளிப்புறத்தைப் பார்த்து, குடை பிடித்த மாதிரி குவிந்திருக்கும். மருத்துவக் கல்லூரியில் முதல் தடவை அதைப் பார்த்தபோது லென்ஸிலிருந்து கண்ணை எடுக்க மனசே வரவில்லை, அவ்வளவு அக்கறையாக உடம்பு தன்னைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் குடை விரிகிறது என்றாலே மழை பெய்துவிட்டது என்றுதான் அர்த்தம். சேதமே இல்லாமல் வெயிலில் டான் வராது. கொஞ்சம் சேதமா, நிறையச் சேதமா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அவள் தெரிந்துகொள்ள வேண்டிய அடுத்த விஷயம் நேரக் கணக்கு. படுத்து எழுந்த அன்றே கண்ணாடியில் தெரியும் நிறம் நிலைக்காது. தோலில் ஏற்கெனவே இருக்கிற மெலனின், புற ஊதாவில் யூவிஏ என்ற வகைக் கதிர் பட்டுக் கொஞ்ச நேரம் கருமையாகத் தெரிகிறது, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மங்கிவிடும். வாரக்கணக்கில் நிற்கும் நிறம், வெயில் பட்டு 2, 3 நாள் கழித்துத்தான் ஏறவே தொடங்கும். அதனால் மூன்று மணி நேரம் கிடந்தால் மூன்று மடங்கு நிறம் வரும் என்பது தப்புக் கணக்கு. மெலனின் தயாரிக்கச் சொல்ல வேண்டியதைத் தோலுக்கு முதல் கொஞ்ச நேரமே சொல்லிவிடுகிறது, மிச்ச நேரமெல்லாம் வெறும் சேதம்தான். இதில் ஒரு மோசமான விஷயம் என்னவென்றால், தோல் சிவப்பதும் எரிவதும்கூட 4 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். கடற்கரையில் இருக்கும்போது "ஒண்ணும் ஆகலையே" என்று தோன்றும், ராத்திரி படுக்கையில்தான் தெரியும்.

சரி, போகத்தான் போகிறாள் என்றால் எப்படிப் போகலாம்? மெல்போர்னில் ஜனவரி மாதம் நடுப்பகலில் யூவி இண்டெக்ஸ் (புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் எண்) 11, 12 என்று போகும். காற்று ஜில்லென்று வீசி 20 டிகிரிதான் இருந்தாலும் யூவி அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுக்காது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பதால் உங்கள் ஊரில் உச்சிவெயில் 12 மணிக்கு இல்லை, மதியம் ஒன்றரை மணிவாக்கில். 12 மணி தாண்டியதும் "உச்சி போயாச்சு" என்று கிளம்புகிறவர்கள் சரியாக அதில் போய் மாட்டுகிறார்கள். இண்டெக்ஸ் 3 ஆனாலே பாதுகாப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. போனில் பார்க்கச் சோம்பலாக இருந்தால் நிழலைப் பார்க்கச் சொல்லுங்கள். தன் நிழல் தன்னைவிடக் குட்டையாக இருந்தால் அது படுக்கிற நேரம் இல்லை. நீண்டிருந்தால் முதல் நாள் 15 நிமிடம், முன்பக்கம் கொஞ்சம், பின்பக்கம் கொஞ்சம். எழுந்து நிழலுக்குப் போய்விட வேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டுப் பார்த்து, தோல் எரியாமல் சிவக்காமல் இருந்தால் இன்னும் சில நிமிடம் கூட்டலாம்.

சன்ஸ்கிரீன் பூசினால் நிறம் ஏறாது என்பது உண்மையில்லை. எஸ்பிஎஃப் (சன்ஸ்கிரீன் எவ்வளவு காக்கும் என்று சொல்லும் எண்) 50 என்பதுகூட தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் ஏறக்குறைய 98 சதவீதத்தைத்தான் தடுக்கும், அதுவும் அளவோடு பூசினால்தான். ஆஸ்திரேலியாவில் சொல்லித்தரும் அளவு ஏழு டீஸ்பூன்: கைக்கு ஒன்று ஒன்று, காலுக்கு ஒன்று ஒன்று, முன்னுடம்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, முகத்துக்கும் கழுத்துக்கும் காதுக்கும் சேர்த்து ஒன்று. ஒரு தடவை டீஸ்பூனால் அளந்து அவள் உள்ளங்கையில் விட்டுக் காட்டுங்கள், "இவ்வளவா?" என்பாள். வெயிலில் இறங்குவதற்கு 20 நிமிடம் முன்னால் ஒரு தடவை, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடலில் குளித்துத் துடைத்ததும் மறுபடி. இப்படிப் பூசியும் நிறம் ஏறும், மெதுவாக, திட்டுத்திட்டாக இல்லாமல் ஏறும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாளா? டாக்ஸிசைக்ளினோ ஐசோட்ரெட்டினாயினோ என்றால் வெயில் காய்வதே வேண்டாம், தோல் சீக்கிரம் புண்ணாகும்.

"நம்ம தோலுக்குப் புற்றுநோய் வராது" என்று அவள் சொன்னால், நம் நிறத்துக்கு அபாயம் நிச்சயமாகக் குறைவுதான், அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் நீங்கள் இருக்கும் நாட்டில் இதைச் சாதாரணமாக விட முடியாது: ஆஸ்திரேலியாவில் மூன்றில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் வருகிறது, 1981லேயே 'ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்' என்று சட்டை, சன்ஸ்கிரீன், தொப்பி மூன்றையும் பாட்டாகப் பாடி வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். அது பெரும்பாலும் வெள்ளைத் தோலின் கதை. ஆனால் கருந்தோலில் வரும் மெலனோமா (தோல் புற்றுநோயில் ஆபத்தான வகை) பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத இடத்தில் வரும். அதற்கு வெயில் காரணம் இல்லை, ஆனால் நமக்கு வராது என்ற நினைப்பால் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். பாப் மார்லி 36 வயதில் இறந்தது கால் கட்டைவிரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான். நகத்தில் புதிதாக ஒரு கறுப்புக் கோடோ, காலில் வளர்கிற மச்சமோ தெரிந்தால் காட்டிவிட வேண்டும்.

பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் கறுத்த தோல் என்றால் வயலில் வேலை செய்கிறவர், வெளுத்த தோல் என்றால் வசதியானவர். தொழிற்சாலைகள் வந்து ஏழைகள் கூரைக்குக் கீழே வெளிறிப் போனபோது, டான் என்பது கடற்கரையில் போய்க் கிடக்க நேரமும் காசும் உள்ளவர்களின் நிறமாகிவிட்டது. 1920களில் அது ஃபேஷனாகவே ஆனது. அங்கேயும் இங்கேயும் பேச்சு நிறத்தைப் பற்றியதாகவே இல்லை அம்மா, யார் வெயிலில் உழைக்கிறார்கள் என்பதைப் பற்றியது.

கேள்வி: புதுச்சேரி பக்கம் கடலோரத்தில் வீட்டு மாடியில் நான்கு அறை கட்டி வாடகைக்கு விடுகிறேன். டிசம்பர், ஜனவரியில் பிரான்ஸ், ஜெர்மனியிலிருந்து வருகிறவர்கள் வந்த மறுநாளே தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு மொட்டை மாடியில் படுத்துவிடுகிறார்கள். ராத்திரி முதுகு எரிகிறது என்று என் மனைவியிடம் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது, என்ன கொடுப்பது?
(ஒரு வாசகர், புதுச்சேரி)

பதில்: நீங்கள் எழுதியதைப் படித்ததும் சில வருடம் முன்பு என்னிடம் வந்த ஒரு பெண் ஞாபகத்துக்கு வந்தாள். செம்பட்டை முடி, முகமெல்லாம் புள்ளி. முதுகில் ரவிக்கை அளவுக்குக் கொப்புளம், நடுவில் மட்டும் நீச்சலுடையின் வார் இருந்த இடத்தில் பால் மாதிரி வெள்ளைக் கோடு. காலை 11 மணிக்குப் படுத்தவள் தூங்கிவிட்டாள், எழுந்தபோது மணி இரண்டு. பிறகுதான் தெரிந்தது, மலேரியா வராமலிருக்க அவள் தினமும் போட்டுக்கொண்டிருந்ததும் டாக்ஸிசைக்ளின். இந்தியாவுக்கு வருகிற பயணிகள் பலர் அதைப் போடுகிறார்கள். எனவே அறைச் சாவி கொடுக்கும்போதே, "மலேரியா மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

எண்ணெய் சன்ஸ்கிரீன் இல்லை. தேங்காய் எண்ணெய் தலைக்கும் வறண்ட தோலுக்கும் நல்லது, வெயிலை அது தடுக்காது. பளபளப்பைப் பார்த்துக் காப்பு இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள்.

அவர்கள் ஊரில் அந்த மாதங்களில் யூவி இண்டெக்ஸ் 1தான் இருக்கும். இங்கே பனிக்காலம் என்று நாம் சொல்லும் ஜனவரியிலேயே நண்பகலில் 8 வரை போகும். மாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டுங்கள்: 9 மணிக்கு முன், மாலை நான்குக்குப் பின், முதல் நாள் 10 நிமிடம். ஒரு பெரிய குடையும் போட்டு வையுங்கள். செம்பட்டை முடி, புள்ளி விழுந்த தோல் உள்ளவர்களுக்கு எத்தனை நாள் படுத்தாலும் நிறம் ஏறாது, சிவக்கும், உரியும், மறுபடி வெளுக்கும். அவர்களிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

சுட்டுவிட்டால் உடனே நிழல், குளிர்ந்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணி (ஐஸ் நேராக வேண்டாம்), கற்றாழை, நிறையத் தண்ணீர், வலிக்குப் பாராசிட்டமால். டூத்பேஸ்டும் மஞ்சளும் வேண்டாம், கொப்புளத்தைக் குத்தவே கூடாது. காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: டொக்டர், நானும் நண்பர்களும் வாற மாசி மாதம் கியூபாவுக்குப் போகிறோம். அதற்கு முதல் இங்கே சன்பெட்டில் (புற ஊதா விளக்குப் படுக்கை) நாலைந்து தரம் படுத்து ஒரு 'பேஸ் டான்' எடுத்தால் அங்கே எரியாது என்று நண்பன் சொல்கிறான். உண்மையா?
(ஒரு வாசகர், டொராண்டோ)

பதில்: இல்லை தம்பி. அப்படி ஏறிய நிறம் ஏறக்குறைய எஸ்பிஎஃப் 3 அளவுக்குத்தான் காக்கும். அதற்காகக் காசு கொடுத்துத் தோலைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சன்பெட்டை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2009ல் சிகரெட்டும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே முதல் பிரிவில், அதாவது புற்றுநோயை நிச்சயமாக உண்டாக்குபவற்றின் பிரிவில் சேர்த்துவிட்டது. பிரேசில் அதே வருடம் தடை செய்தது, ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 2015 முதல் அந்தக் கடைகளே கிடையாது. உங்கள் ஒன்டாரியோவிலும் 18 வயதுக்குக் கீழே விடுவதில்லை. 18 தாண்டியிருந்தால் உங்களை உள்ளே விடுவார்கள், அதனால் அது நல்லதாகிவிடாது.

போட்டோவுக்காக நிறம் வேண்டுமென்றால் வெயிலே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. செல்ஃப் டான் லோஷனில் டிஹெச்ஏ என்று ஒரு சர்க்கரை இருக்கும், அது தோலின் மேலே இருக்கிற இறந்த செல்களோடு சேர்ந்து பழுப்பாகும், ரொட்டி சிவப்பதும் இதே வகை வேலைதான். முதல் நாள் நன்றாகத் தேய்த்துக் குளித்து, முழங்கை, முட்டி, கணுக்கால் மூன்றிலும் லேசாக கிரீம் தடவிய பிறகு பூசுங்கள், இல்லாவிட்டால் அந்த இடங்களில் மட்டும் அப்பிக்கொள்ளும். முடித்ததும் உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரு வாரத்துக்குள் உதிர்ந்துவிடும். ஆனால் அது வெயிலைத் தடுக்காது, கியூபாவில் சன்ஸ்கிரீன் கட்டாயம். நிறம் ஏற்றும் என்று இணையத்தில் விற்கிற 'மெலனோடான்' ஊசி, மூக்கு ஸ்ப்ரே எதையும் தொடாதீர்கள்.

கேள்வி: ஸ்கூட்டி ஓட்டி இரண்டு கையும் கறுத்துவிட்டது. எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போகலாமா?
(ஒரு வாசகி, கோவை)

பதில்: கூடவே கூடாது. எலுமிச்சையில் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுவிடும். ஓரிரு நாளில் கொப்புளம் வரும், ஆறியதும் சாறு வழிந்த தடத்திலேயே கறுப்புக் கோடு மாதக்கணக்கில் நிற்கும். வீட்டில் எலுமிச்சை பிழிந்தால்கூட கையைக் கழுவிவிட்டே வெயிலில் இறங்குங்கள். முழுக்கைக் காட்டன் சட்டை அல்லது கையுறை போட்டு ஓட்டினால் ஏறின நிறம் சில மாதங்களில் தானாகவே இறங்கிவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீம் எதுவும் வேண்டாம், 2018 முதல் அவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது.