வன்னியில் இருக்கும் விவசாயக் குடும்பத்துக்கு மருத்துவக் காப்புறுதி தேவையா? அரச ஆஸ்பத்திரி இலவசம்தானே?

தேவை என்பதுதான் என் பதில். ஆனால் முகவர் முதலில் எடுத்து நீட்டும் திட்டம் பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தாது.

அரச ஆஸ்பத்திரியில் கட்டில், டொக்டர், ஒப்பரேஷன் எதற்கும் பில் வராது. இலங்கையில் வாட்டில் தங்கிச் செய்யும் சிகிச்சையில் மிகப் பெரும்பங்கு அங்கேதான் நடக்கிறது. அப்படியிருந்தும் நாட்டின் சுகாதாரச் செலவில் கிட்டத்தட்டப் பாதியைச் சனம் தன் கைக்காசில்தான் கொடுக்கிறது. வெளியில் சனல் பண்ணுவது (காசு கட்டி டொக்டரைத் தனியாகப் பார்ப்பது), ஸ்டொக் இல்லாத மருந்தைப் பார்மசியில் வாங்குவது, ரத்தப் பரிசோதனை, ஸ்கான் என்று அது போகிறது. வன்னியில் இதற்கு மேல் தூரம் வேறு. முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி நூறு கிலோமீற்றருக்கு மேல்; புற்றுநோய் என்றால் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி வரைக்கும் போகவேண்டும். போகும்போது அம்புலன்ஸ் காசு கேட்காது. திரும்பி வர வான் வாடகை, கூட நிற்பவரின் சாப்பாடு, அந்த நாட்களில் இரண்டு பேர் இழந்த கூலி, இவற்றை யாரும் தரமாட்டார்கள். அரிவுவெட்டு நேரத்தில் குடும்பத்தலைவர் இரண்டு கிழமை வாட்டில் கிடந்தால் நட்டம் எங்கே விழும் என்று உங்களுக்குத் தெரியும்.

சந்தையில் பொதுவாக இரண்டு வகைத் திட்டம் உண்டு. ஒன்று தனியார் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டுவது. மற்றது ஆஸ்பத்திரியில் தங்கிய ஒவ்வோர் இரவுக்கும் குறித்த தொகையைக் கையில் தருவது; இது பெரும்பாலும் ஆயுள் காப்புறுதியோடு இணைப்பாக வரும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரியிலோ இலவச வாட்டில் கிடப்பவருக்கு முதலாவது திட்டத்தால் பெரிய பயன் இல்லை. இரண்டாவது, அரச வாட்டுக்கும் செல்லும் என்று பத்திரத்தில் எழுதியிருந்தால், வான் வாடகைக்கும் கூலி நட்டத்துக்கும் உதவும்.

தனியார் பில்லைக் கட்டும் முதலாவது திட்டத்துக்கு விலையும் கூட. ஏன்? 100 குடும்பம் சேர்கிறது, அதில் நாலு குடும்பத்துக்குத் தலா 2 லட்சம் ரூபா செலவாகிறது என்று வையுங்கள். மொத்தம் 8 லட்சம், குடும்பத்துக்கு 8,000. சுகமாக இருக்கும் 60 குடும்பம் 'எங்களுக்கு எதுக்கு' என்று விலகினால் அதே 8 லட்சத்தை மிச்சம் 40 குடும்பம் சுமக்கவேண்டும், குடும்பத்துக்கு 20,000. அடுத்த வருடம் இன்னும் பேர் விலகுவார்கள். தன் உடம்பு எப்படி என்று வாங்குபவருக்குத் தெரிந்த அளவு விற்பவருக்குத் தெரியாது; பில்லை இன்னொருவர் கட்டுகிறார் என்றால் தேவையில்லாத பரிசோதனைகளும் கூடும். மருத்துவச் சந்தை மற்றச் சந்தைகளைப் போல நடக்காது என்று அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் அரோ 1963 இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பொருளியலாளர் இதைத் தொடர்ந்து ஆராய்கிறார்கள். இந்தப் பயத்தில்தான் கம்பனி காத்திருப்புக் காலம் (ஒப்பந்தம் தொடங்கியும் கிளெய்ம் கிடைக்காத ஆரம்ப நாட்கள்) வைக்கிறது, ஏற்கெனவே உள்ள வருத்தத்தை விலக்குகிறது.

அதனால் படிவத்தில் சீனி, பிறசர், சிறுநீரகப் பிரச்சினை எதையும் மறைக்காதீர்கள். முகவர் 'போடத் தேவையில்லை' என்று சொன்னாலும் போடுங்கள். கிளெய்ம் வரும்போது உங்கள் கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். முதல் பக்கத்துத் திகதி ஒப்பந்தத்துக்கு முந்தியது என்றால் பணம் வராது.

வன்னியில் ஒப்பந்தம் அதிகம் உடைவது மாதத் தவணையில். வருமானம் போகத்துக்குப் போகம் வருகிறது, தவணை மாதாமாதம் கேட்கிறது. தவணை பிந்தினால் தரும் சலுகை நாட்களும் தாண்டினால் ஒப்பந்தம் காலாவதியாகும். திரும்ப உயிர்ப்பித்தாலும் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படலாம். பெரும்போக நெல்லு விற்ற கையோடு ஆண்டுத் தொகையை ஒரேயடியாகக் கட்டுங்கள். அது முடியாது என்றால் ஒப்பந்தமே எடுக்கவேண்டாம் என்பேன். ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்து 21 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் முடியும்.

கிளெய்ம் தடுக்குப்படுவது பெரும்பாலும் டயக்னோசிஸ் கார்ட்டில், அதாவது வீட்டுக்கு விடும்போது ஆஸ்பத்திரி தரும் நோய் விபர அட்டையில். துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது வாட்டை விட்டு வெளிக்கிட முன்னர் நின்று பாருங்கள்: பெயர் அடையாள அட்டையில் உள்ள அதே எழுத்துக்களில் இருக்கிறதா (தகப்பன் பெயர் முன்பின்னாக மாறிப் போவது வழமை), அனுமதித்த திகதியும் விட்ட திகதியும் இரண்டும் இருக்கின்றனவா, முத்திரை விழுந்திருக்கிறதா. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாற்றியிருந்தால் பெரியாஸ்பத்திரிக் கார்ட்டில் அங்கே இருந்த நாட்கள் மட்டும்தான் வரும். முதல் ஆஸ்பத்திரியில் கழிந்த இரவுகளுக்குத் தனியாகக் கடிதம் எடுக்காவிட்டால் அந்தக் காசு போய்விடும்.

காசு கட்டமுன் உங்களுக்கு ஏற்கெனவே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். பாடசாலைப் பிள்ளைக்கு சுரக்ஷா காப்புறுதி, வீட்டில் அரச ஊழியர் இருந்தால் அக்ரஹார காப்புறுதி. இருதயம், சிறுநீரகம் போன்ற பெரிய ஒப்பரேஷன் என்றால் திகதி கிடைத்த உடனே, சிகிச்சைக்கு உதவிப்பணம் தரும் ஜனாதிபதி நிதியத்துக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள்; 2025 முதல் அதற்குக் கொழும்புக்கு அலையத் தேவையில்லை.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு, அங்கே தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் (முறைப்பாட்டை விசாரிக்கும் நடுவர்), அல்லது காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. தொலைபேசியில் சொன்ன மறுப்பை வைத்துக்கொண்டு இவற்றில் எதுவும் நகராது.