வாசகர் கேள்வி – பதில்: பேத்திக்கு எந்த வாழ்க்கை வரலாறு?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி, கணக்குத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததிலிருந்து, 'எனக்கு வராது அப்பத்தா' என்று புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறாள். தன்னம்பிக்கை பிறக்கட்டும் என்று பெரியோரின் வாழ்க்கை வரலாறுகள் சிலவற்றை வாங்கிக் கொடுத்தேன். 'அவர்களெல்லாம் பிறவி மேதைகள்' என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டாள். இத்தகைய நூல்களால் பிள்ளைகளுக்கு உண்மையில் பயன் உண்டா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: உண்டு, ஆச்சி. ஆனால் எல்லா நூலாலும் இல்லை. பிறந்த ஊர், இளமையிலேயே வெளிப்பட்ட அறிவுக்கூர்மை, பெற்ற பட்டங்கள், மறைந்த நாள் என்று அடுக்கிச் செல்லும் சிறு நூல்களைப் படித்தால் எந்தப் பிள்ளைக்கும் உங்கள் பேத்திக்குத் தோன்றியதே தோன்றும். தொடக்கத்துக்கும் புகழுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த மனிதர் எங்கே தடுமாறினார், யாரிடம் போய்க் கேட்டுக் கற்றார், மறுநாள் எதைச் செய்தார் என்று விரித்துச் சொல்லும் நூலே பிள்ளைக்குத் துணிவு தரும்.

உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' அத்தகையது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டு, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகவும் அமர்ந்துவிட்ட அவரிடம், 1880ஆம் ஆண்டு அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது. பிறகு ஏட்டைக் கையில் எடுத்தபோது பல இடங்கள் விளங்கவில்லை. அது சமணக் காப்பியமாதலால், கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்று, அவர்களுடைய சமயக் கொள்கைகளையும் வழக்குகளையும் கேட்டுத் தெரிந்துகொண்டார்; பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887இல் நூலை அச்சிட்டு வெளியிட்டார். தமிழாசிரியர் ஒருவரே 'எனக்குத் தெரியாது' என்று தொடங்கி ஏழாண்டுகள் உழைத்த அந்தப் பகுதியை மட்டுமாவது பேத்திக்குப் படித்துக் காட்டுங்கள். முழு நூலும் அவள் வயதுக்குப் பெரிது.

நம் பக்கத்துப் பெரியோரையும் மறக்க வேண்டாம். மகிபாலன்பட்டியில் பிறந்த பண்டிதமணி கதிரேசன் செட்டியார், திண்ணைப் பள்ளியில் சில மாதங்களே படித்தவர். கால் ஊனத்தால் கோல் ஊன்றி நடந்தவர். அவர் தாமே முயன்று தமிழும், ஆசிரியரை அடுத்து வடமொழியும் கற்று, 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தோன்றக் காரணமாகி, பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் விளங்கினார். பேருந்தில் போய்ப் பார்த்துவரக்கூடிய ஊர்க்காரர் என்பதே பிள்ளைகளிடம் பாதித் தயக்கத்தைப் போக்கிவிடும். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, எதிர்ப்புக்கிடையே மன்னர் கல்லூரியில் சேர்ந்து படித்தார் என்பதைப் பலரும் சொல்வார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அந்நோய்க்கென ஒரு மருத்துவமனை வேண்டுமென்று நெடுங்காலம் போராடி, 1954இல் அடையாற்றில் அது திறக்கப்பட்டபோது எழுபது வயதை நெருங்கியிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எனக்கு இந்தக் காத்திருப்பே பெரிதாகத் தோன்றுகிறது.

கணக்கு வராத பிள்ளைக்கு இராமானுஜன் வரலாற்றைக் கொடுக்கவே எல்லாருக்கும் கை நீளும். அவரும் கல்லூரித் தேர்வில் தோற்றவர்தாம். ஆனால் அவர் தோற்றது கணக்கில் அன்று. ஆகவே அதை இப்போது கொடுத்தால், பேத்தியின் 'பிறவி மேதை' எண்ணம் வலுக்கவே செய்யும். சில காலம் கழித்துக் கொடுக்கலாம். இன்னொன்று: 'இவரைப் போல நீ ஏன் இல்லை?' என்ற கேள்வியை எந்த நூலோடும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு கேள்வியே நல்ல நூலையும் பிள்ளைக்குப் பகையாக்கிவிடும்.

கேள்வி: பத்து வயதுப் பையன் புத்தகமே தொடுவதில்லை. அவனுக்கு வாழ்க்கை வரலாறு எப்படி அறிமுகம் செய்வது?
– வாசகர், காரைக்குடி

பதில்: நீங்கள் படித்துக் காட்டுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சில பக்கங்கள் போதும். கதாநாயகர் இக்கட்டில் நிற்கும் இடத்தில் நிறுத்தி, 'நீயாக இருந்தால் அடுத்து என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். அவன் சொல்லும் விடையைத் திருத்த வேண்டாம்; மறுநாள் அதே இடத்திலிருந்து தொடருங்கள்.